தலை போன சனிக்கிழமைகள்

1957-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, மெக்சிகோவில் குடியேறிய பழைய கட்டுப்பாட்டுக் கிறிஸ்தவர்களின் ஊரான ஹானென்டாலில், பதினாறு வீடுகளில் சுட்டு ஆற வைத்திருந்த இரட்டைப் பன்கள் அத்தனையும் தலையை இழந்தன. அடிப்பன் இருந்தது. அதன்மேல் குழந்தையைப் போல ஏறி உட்கார்ந்திருக்க வேண்டிய சின்னப் பன் இல்லை. அதே வாரம் மழை பத்து நாள் தள்ளிப்போனது, ஊர்த்தலைவர் பெர்ன்ஹார்ட் உங்கர் வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டது, பாலாடைக்கட்டி வாங்க வரும் மெக்சிகோ வியாபாரி கிலோவுக்கு இருபது சென்டாவோ குறைத்துக் கேட்டான். பன்னின் தலை போனதை ஊர் இவற்றுக்கு அடுத்த நான்காவது செய்தியாகத்தான் பேசியது. எலி என்றார்கள். அடுத்த சனிக்கிழமையும் தலைகள் போனபோதுதான், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வந்த விருந்தாளிகளுக்குத் தலையில்லாத பன்னைத் தட்டில் வைத்து நீட்டிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஊரில் இருந்தவை மொத்தம் பதினெட்டு வீடுகள். மிச்சம் இரண்டில் ஒன்று, தெருவின் இடது கடைசியில் இருந்த கொர்னேலியஸ் ஃபுங்க்கின் வீடு. அங்கே பன் சுடுவதே இல்லை. அவன் மனைவி ஸாராவுக்கு இடுப்பெலும்பு முறிந்து கூடியதிலிருந்து அடுப்பின் முன்னால் நிற்க முடியாது. தவிர அது சபை விலக்கி வைத்த வீடு. மற்றொன்று யுஸ்டினா ஹார்டரின் வீடு. அவள் அடுப்பிலிருந்து இறங்கிய நாற்பது பன்களும் தலையோடு, பொன்னிறமாக, ஒன்றும் அறியாதவை போலத் தட்டில் உட்கார்ந்திருந்தன. முதல் வாரம் இதைத் தன் கைப்பக்குவத்தின் பெருமை என்று நினைத்தாள். மூன்றாம் வாரம் அந்த நாற்பது தலைகளையும் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

யுஸ்டினா சுளுக்கு எடுப்பவள், எலும்பு கட்டுபவள். ஐம்பத்தெட்டு வயது. பலாக்கொட்டை போன்ற கட்டைவிரல்கள். சுற்று வட்டாரத்தில் நாற்பது ஊர்களின் முதுகுகள் அவளுக்கு மனப்பாடம். வாய் எதையும் சொல்லும், முதுகு பொய் சொல்லாது என்பது அவள் தொழிலில் கண்டது. ஒருவர் குப்புறப் படுத்து அவள் கட்டைவிரல் ஓடி முடிவதற்குள், அவர் யாரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார், எந்த மூட்டையைத் தனியாகத் தூக்கினார், ஜெபத்தில் உண்மையிலேயே முழங்காலிட்டாரா என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொன்னதில்லை. அதனால்தான் எல்லோரும் அவள் முன்னால் குப்புறப் படுத்தார்கள். அவள் கணவர் ஆப்ரம் வருஷத்துக்குப் பன்னிரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசாதவர். அதிலும் நான்கு குதிரைகளுக்குப் போய்விடும்.

தலைகளைக் காப்பாற்ற ஊர் செய்யாதது இல்லை. ஜன்னல்களை ஆணி அடித்து மூடினார்கள். நாய்களை அடுப்படியில் கட்டினார்கள். உங்கர், ஊர்த்தலைவர் என்ற பொறுப்பில், ஒரு சனிக்கிழமை முழுக்கத் தன் மனைவி சுட்ட ஒரே ஒரு பன்னின்மேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு அவருக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மி முடித்துப் பார்த்தால் கைக்குள் சூடு மட்டும் இருந்தது. எந்த வீட்டிலும் இதே கதைதான். பார்த்துக்கொண்டிருக்கும்வரை பன் பன்னாக இருக்கும். கண் சிமிட்டினால் தலை இருக்காது.

சந்தேகம் எப்படி நடந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நேராக யுஸ்டினா வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. பக்கத்து வீட்டு லீஸ்பெட் க்நெல்சன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"யுஸ்டினாக்கா, நான் சொல்லலப்பா, ஊர் சொல்லுது. பதினாறு வீட்டுல தலை போச்சு, உன் வீட்டுல மட்டும் போகலன்னா என்ன அர்த்தம்னு கேக்குறாங்க."

"என்ன அர்த்தமாம்?"

"திருடன் தன் வீட்டுலயே திருட மாட்டானாம்."

"அடியே லீஸ்பெட், வாரம் அறுநூறு பன்தலையை நான் எங்க வெச்சுத் திங்கறது? என் வயித்தப் பாரு."

லீஸ்பெட் வேலிக்கு மேலாக எட்டி, நிதானமாகப் பார்த்தாள். "ஆப்ரமண்ணன் கொஞ்சம் சதை போட்ட மாதிரிதான் இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு நோயாளிகள் வருவது குறைந்தது. கழுத்து வலப்பக்கமாகவே திரும்பி நின்றுவிட்ட பால்வண்டிக்காரர், யுஸ்டினாவிடம் வர மனமில்லாமல் அப்படியே வண்டியை ஓட்டி, இரண்டு முறை வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசியில் உங்கரே வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

"யுஸ்டினா, நான் உன்னைச் சந்தேகப்படல. ஆனா வர்ற வியாழனுக்கு அடுத்த வியாழன், மூப்பர் சபை கூடும்போது உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அதுக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுத்துரு."

"கண்டுபிடிக்க முடியலன்னா?"

உங்கர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "கண்டுபிடிச்சுரு," என்றார்.

விலக்கு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். தெருக்கோடியில் ஒன்பது மாதமாக அது ஒரு வீடாக நின்றுகொண்டிருந்தது. அதனால் அவள் அழவில்லை. "சந்தேகம் என் மேலன்னா விசாரணை என் முறைப்படிதான்," என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பதினாறு வீட்டிலும் பெரியவர்கள் அனைவரையும் பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்தாள். ஊர்த்தலைவர் உத்தரவு என்பதால் யாரும் மறுக்க முடியவில்லை. நான்கு நாளில் எழுபத்தொரு முதுகு. திருட்டைத் தேடிப் போன கட்டைவிரலுக்கு எந்த முதுகிலும் திருட்டு அகப்படவில்லை. அகப்பட்டது வேறு.

போன குளிர்காலம் முழுக்க அந்த ஊர் முதுகுகளில் ஒரே இடத்தில், இடது தோள்பட்டைக்குக் கீழே, வால்நட் அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. கிழவர் குமரர் எல்லோருக்கும். தைலத்துக்கும் ஒத்தடத்துக்கும் அசையாத முடிச்சு. குளிர் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது எழுபத்தொரு பேரில் ஒருவருக்குக்கூட அது இல்லை. ஆணி பிடுங்கிய மரம்போல அந்த இடம் சமமாகிக் கிடந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டால், யோசித்துப் பார்த்து, ஜூலையிலிருந்துதான் என்றார்கள்.

யுஸ்டினா வீட்டுக்கு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். தன் முதுகு மட்டும் தன் கைக்கு எட்டாது.

"ஆப்ரம், இடது தோள்பட்டைக்குக் கீழ கொஞ்சம் அழுத்திப் பாருங்க."

ஆப்ரம் அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"கல்லு," என்றார். அந்த வருஷத்தில் அது அவருடைய ஏழாவது வாக்கியம்.

கழுத்தை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டே நடப்பவர்களுக்கு அங்கேதான் முடிச்சு விழும். ஆலயத்துக்குப் போகிற வழியில் தெருக்கோடி வீட்டைப் பார்க்காமலிருக்க, ஒன்பது மாதமாக ஊரே முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நடந்திருந்தது. யுஸ்டினா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். அந்த வீடு எப்படி விலக்கப்பட்டது என்பதில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு பகுதி இருந்தது.

முந்தின ஆகஸ்டில் நல்ல மழை. ஸாரா பரணிலிருந்து விழுந்தாள். யுஸ்டினா போய்ப் பார்த்து, இது என் கைக்கு அடங்காது, நகரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் என்றாள். சேற்றில் லாரி எதுவும் ஊருக்குள் வர முடியவில்லை. கொர்னேலியஸ் குதிரை வண்டியைப் பூட்டினான். அப்போது அவள்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரும்புச் சக்கரத்துல இவளை ஏத்தினா, போய்ச் சேர்றதுக்குள்ள இடுப்பு மாவாயிரும். ரப்பர் மேல கொண்டு போ," என்றாள். சபை விதிப்படி ஹானென்டாலில் ரப்பர் டயர் கூடாது. ரப்பர் ஓடினால் வண்டி நகரத்துக்கு ஓடும், வண்டி ஓடினால் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பது முன்னோர் கண்ட கணக்கு. கொர்னேலியஸ் கொல்லர் வேலை தெரிந்தவன். சேற்றில் சிக்கிக் கிடந்த பாலாடைக்கட்டி வியாபாரியின் வண்டியிலிருந்து நான்கு சக்கரங்களைக் கழற்றி, இரண்டு மணி நேரத்தில் தன் வண்டியில் மாட்டி, ஸாராவை முட்டையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனான். அவள் பிழைத்தாள். வியாபாரி சக்கரங்களை வைத்துக்கொள் என்று விட்டுவிட்டான், கொர்னேலியஸும் அவற்றைக் கழற்றவில்லை. அக்டோபரில் ஆண்கள் மட்டும் கூடிய சபையில், தப்பு என்று ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, "பெண்டாட்டியைக் காப்பாத்துனது தப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன்," என்றான் கொர்னேலியஸ். யார் யோசனை என்று அவர்கள் கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. விலக்கி வைத்தார்கள். அந்த நேரத்தில் யுஸ்டினா வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவே இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்பு அவள் தெரு நடுவில் வந்து நின்று, அத்தனை மாதமாக ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். இடது கடைசி வீட்டை நேராகப் பார்த்தாள்.

மூன்று அடித்ததும் தலைகள் வந்தன. முதலில் வந்தவை தலைமை மூப்பர் இஸ்பிராண்ட் டைக்ரோப் வீட்டிலிருந்து. அவர் மனைவி கைக்குப் பன்தலை எப்போதும் கொஞ்சம் பெரிது. பிறகு உங்கர் வீடு, லீஸ்பெட் வீடு என்று வரிசையாக, ஆணி அடித்த ஜன்னல் இடுக்குகளிலும் புகைபோக்கியிலும் வெளியேறி, சூரியகாந்திச் செடிகளின் உயரத்துக்குத் தாழ்வாக, குளத்துக்குப் போகும் வாத்துகளின் அவசரமின்மையோடு தெருவின் மேலாகப் போயின. வெயிலில் அவற்றின் வெண்ணெய் மினுமினுத்தது. ஒரு நாயும் குரைக்கவில்லை. இது ஐந்தாவது வாரமாகப் பட்டப்பகலில் நடக்கிறது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே நடக்கிறது, அந்தத் திசையில் பார்ப்பதில்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பது யுஸ்டினாவுக்குப் புரிந்தது. தலைகளின் பின்னாலேயே நடந்தாள். திருப்பிப் பழகாத கழுத்து ஒவ்வொரு அடிக்கும் கீச்சிட்டது.

உள்ளே இரண்டு மேஜைகள் இருந்தன. விலக்கப்பட்டவனோடு மனைவியும் ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது என்பதால் இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளி தெரியாதபடி இரண்டின் மேலும் ஒரே விரிப்பை ஸாரா விரித்திருந்தாள். தலைகள் விரிப்பின்மேல் வீடுவாரியாக இறங்கி அமர்ந்துகொண்டிருந்தன.

கொர்னேலியஸ் எழுந்து நின்றான். எழுந்து நின்றானே தவிர, உட்காரச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத்தான் குற்றம்.

"யுஸ்டினாக்கா!" என்றாள் ஸாரா. "கண்டுபிடிக்க இத்தனை நாளா? நான் மூணாவது வாரமே நீ வருவேன்னு இவர்கிட்டப் பந்தயம் கட்டினேன்."

"இதெல்லாம் நீங்க வரவழைக்கிறதா?"

"நாங்க எங்க வரவழைச்சோம்? அதுங்களா வருதுங்க. வெண்ணெய், ஜாம் ஒண்ணும் கூட வர்றதில்ல, வெறும் பன்னுதான். குறை சொல்லக் கூடாது. மிச்சத்தை அந்தப் பக்கத்துப் பண்ணையாளுங்க பிள்ளைகளுக்குக் குடுத்துடறோம்."

கொர்னேலியஸ் ஒரு தலையை எடுத்து முகர்ந்து பார்த்தான். "இது லீஸ்பெட் வீடு. உப்பு தூக்கல். இது உங்கர் வீடு. இது மூப்பர் வீடு," என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனவன் நின்றான். "உன் வீடு மட்டும்தான் இல்ல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை இல்லை என்பது போலச் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு சபையில என் பேரை ஏன்டா சொல்லல?"

"சொன்னா உன்னையும் விலக்கியிருப்பாங்க. அப்புறம் ஊர்ல இருக்கிற இடுப்பையெல்லாம் யாரு பாக்குறது?"

"உன் பெண்டாட்டி இடுப்பையே வந்து பாக்காதவ நான்."

"அது உன் கணக்கு," என்றான் கொர்னேலியஸ். "நான் சொன்னது என் கணக்கு."

யுஸ்டினா ஸாராவின் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் இடுப்பில் கட்டைவிரலை வைத்தாள். எலும்பு கூடியிருந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. வாராவாரம் தன் விரல் பட்டிருந்தால் நேராகக் கூடியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஸாராவுக்கும் தெரிந்திருக்கும். அவள் யுஸ்டினாவின் கறுப்புத் தொப்பியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை மூப்பர் சபை ஆலயத்தின் பின்னறையில் கூடியது. ஏழு மூப்பர்கள், சுவரில் ஏழு தொப்பிகள். யுஸ்டினாவைக் கூப்பிட்டார்கள். திருடன் யார் என்று கண்டாயா என்று இஸ்பிராண்ட் டைக்ரோப் கேட்டார். நெடிய மனிதர். கொர்னேலியஸும் அவரும் சிறுவயதில் ஒரே குதிரையில் இரண்டு பேராகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவனை விலக்கும் வாசகத்தைப் படித்தபோது அவர் குரல் ஒரு முறைகூட நடுங்கவில்லை என்று ஊர் வியந்திருந்தது.

"அதைச் சொல்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும் மூப்பரே," என்றாள் யுஸ்டினா. "ரப்பர் சக்கரம் என் யோசனை. கொர்னேலியஸ் என்னைக் காட்டிக்குடுக்கல. பயந்துபோய் நானும் வாய மூடிக்கிட்டேன். அவனுக்குப் போட்ட விலக்கை எனக்குப் போடுங்க."

ஏழு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். இஸ்பிராண்ட், "திருடன்?" என்றார், வேறு எங்காவது போய்விட விரும்புபவரைப் போல.

"குப்புறப் படுங்க, சொல்றேன்."

தலைமை மூப்பரை மூப்பர் சபையில் குப்புறப் படுக்கச் சொல்வது அந்தச் சபையின் நானூறு வருஷச் சரித்திரத்தில் நடந்ததில்லை. அவர் படுத்தார். யுஸ்டினா இடது தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"போன ஜனவரியில இங்க ஒரு முடிச்சு இருந்தது. ஊர்லயே பெருசு உங்களுதுதான். இப்ப இல்ல. சனிக்கிழமை மூணு மணிக்கு முதல்ல கிளம்புறது உங்க வீட்டுப் பன்னுதான், நான் கண்ணால பாத்தேன். கொர்னேலியஸ் வீட்டுக்குத்தான் போகுது. நீங்க அனுப்பல. கை அனுப்பல, வாய் அனுப்பல. முகத்தைத் திருப்பிக்கிட்ட மனுஷங்க வீட்டுலருந்து ரொட்டி தானா எழுந்து போகுது. திருப்பினதுக்கு வருத்தமே படாம இருந்தது நான் ஒருத்திதான். அதனாலதான் என் வீட்டுது போகல. திருடன் வேணும்னா, பதினாறு வீட்டையும் எழுதிக்குங்க."

மூப்பர் பெஞ்சில் முகம் புதைத்திருந்தார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. மற்ற ஆறு மூப்பர்களும் எழுந்து, அவரவர் தொப்பி சரியாக மாட்டியிருக்கிறதா என்று சுவரண்டை போய் நின்று பார்த்தார்கள். அது அவர்கள் செய்த மரியாதை.

எழுந்து உட்கார்ந்த இஸ்பிராண்ட் விதியை மீறவில்லை. மீறுபவர் அல்ல. எலும்பு முறிந்தால் எலும்புக்குக் கட்டுப் போடுகிறோம், ரப்பர் டயர் சக்கரத்துக்குப் போட்ட கட்டு என்றார். வைத்தியம் தெரிந்தவள் சொல்லிப் போட்ட கட்டு பாவம் ஆகாது. ஆனால் எலும்பு கூடிய பிறகும் கட்டைப் பிரிக்காமலிருப்பது வீம்பு. இதைக் கேட்ட கொர்னேலியஸ் ஒரு நாள் முழுக்க யோசித்தான். பெண்டாட்டியைக் காப்பாற்றியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, டயரைக் கழற்றாததற்கு மட்டும்தானே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எழுந்து நின்று, "வீம்புதான்," என்றான். யுஸ்டினா பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று, "பயம்தான்," என்றாள். சபை இருவரையும் மன்னித்தது. அன்று மாலை ஃபுங்க் வீட்டில் இரண்டு மேஜைகளையும் ஒட்டிப் போட ஊரே வந்தது. ஒரு மேஜையை நான்கு விரல் நகர்த்த முப்பது பேர் கை வைத்தார்கள்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, யுஸ்டினா வீட்டு நாற்பது தலைகளும் மூன்று ஐந்துக்குக் கிளம்பியிருந்தன. பிந்தியவர்களின் வேகத்தில், ஓட்டமும் நடையுமாக அவை போவதை அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். ஆப்ரம் அவள் பின்னால் வந்து, கேட்காமலே முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார். சொல்ல ஒன்றும் இல்லாத முதுகாகிவிட்டது.

விலக்கு நீங்கியதும் தலைகள் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆறு வாரம் நின்றிருந்தன. பிறகு பக்கத்து ஊரில், தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் வீட்டிலிருந்து ஒரு தட்டுத் தலைகள் கிளம்பித் தம்பி வீட்டுக்குப் போயின. 1961-இல் ரேடியோ வைத்திருந்த பள்ளிக்கூட ஆசிரியரை விலக்கியபோது, அதே சனிக்கிழமை ஊரின் அத்தனை தலைகளும் அவர் கூரையில் இறங்கின. மூப்பர்கள் வழக்கை மூன்றே வாரத்தில் முடித்தார்கள். 1968-இல் ஒன்பது குடும்பங்கள் மனக்கசப்பில் பொலிவியாவுக்குக் குடிபெயர்ந்தபோது தலைகள் தெற்கே பார்த்துப் பறந்தன. அவை போய்ச் சேர இருபத்தாறு நாளானது என்றும், சேர்ந்தபோது கல்லாக இருந்தன, காபியில் தோய்த்துச் சாப்பிட்டோம் என்றும் கடிதம் வந்தது. இஸ்பிராண்ட் டைக்ரோப் தன் கடைசிக் காலம்வரை எந்த வழக்கையும் சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் தீர்த்ததில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

மற்ற ஊர்களில் இரட்டைப் பன் செய்யும்போது, மேலே வைத்த உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அடிவரை அழுத்திக் குத்துவார்கள். அப்போதுதான் தலை சரியாமல் ஒட்டும். ஹானென்டால் பெண்கள் மட்டும் லேசாகத்தான் அழுத்துகிறார்கள். மணமாகி வெளியூரிலிருந்து வரும் மருமகள் பழக்கதோஷத்தில் ஓங்கிக் குத்தினால், மாமியார் அவள் கையைப் பிடித்து, "அவ்வளவு அழுத்தாதம்மா, எங்கயாவது போக வேண்டியிருக்கும்," என்பாள். ஏன் என்று இதுவரை எந்த மருமகளும் இரண்டாம் முறை கேட்டதில்லை.